ரீல்ஸில் பரி, வாசலில் நரி

குதிரை வியாபாரம் செல்போனுக்குள் வந்துவிட்டது. விற்பவர் எதைக் காட்டுகிறார், வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுச் சங்கடம். குதிரைக்குப் பக்கத்தில் போக முடிவதில்லை. சுற்றிலும் செல்போன்கள். ஒருவர் குனிந்து குளம்பைப் படமெடுக்கிறார். இன்னொருவர் குதிரைக்காரர் வாயருகே மைக்கை நீட்டி, "அண்ணே, என்ன இனம், என்ன வயசு, சுழி சுத்தமா, எவ்ளோ சொல்றீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார். பின்னால் மேளம் அடிக்க, மார்வாரி ஒன்று முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது. அதன் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப்போவதுபோல நிற்கின்றன. சந்தை கலைவதற்கு முன்பே அந்தக் காது யூடியூபில் தம்நெயில் ஆகிவிடும்.

இந்தச் சந்தை திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாக ஊரில் சொல்வார்கள். இங்கே மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நொக்ரா, மட்டக்குதிரை என எல்லாம் வரும். நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருக்கும் பஞ்ச கல்யாணியைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். முன்பெல்லாம் ஒரு குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது தரகரைப் பிடிக்க வேண்டும். இப்போது தைப்பொங்கலன்று பாட்டி வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே ராஜஸ்தான் குதிரையின் வயசு, நிறம், ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் பார்ப்பது ஒன்று, தெரிந்துகொள்வது இன்னொன்று. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

சந்தைக்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு. விலை பேசும்போது தரகர் துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள், விரல்களால் பேரம். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. செல்போன் வந்ததும் இந்த ரகசியம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. எந்தக் குதிரை வீடியோவுக்குக் கீழே பார்த்தாலும் "விலை என்ன ப்ரோ?" என்ற கேள்வி வரிசையாக நிற்கிறது, "நம்பர் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, கூப்பிடுங்க" என்ற பதில் அதற்குக் கீழே. துண்டின் இடத்தை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். விலையை வெளியே சொல்லாததில் வியாபாரிக்கு இரண்டு லாபம். கேட்பவரைப் பார்த்து விலை சொல்லலாம். கேட்டவர் எண்ணும் கைக்கு வந்துவிடும்.

ஆசைக்கு வாங்கும் கூட்டம்

நாட்டில் குதிரைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரை, மட்டக்குதிரை சேர்த்துச் சுமார் 6.25 லட்சம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 3.42 லட்சம். ஏழே ஆண்டில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. செங்கல் சூளையிலும் மலைப்பாதையிலும் மூட்டை சுமந்த குதிரையின் இடத்துக்கு டிராக்டரும் மினி லாரியும் வந்துவிட்டன. குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் ஆட்டோவுக்குப் போனார்கள்.

எண்ணிக்கை இப்படி விழுந்தும் செல்போனில் குதிரைகள் பெருகிக்கொண்டே போகின்றன. காரணம், வாங்குகிறவர் மாறிவிட்டார். பிழைப்புக்காக வாங்கியவருக்குக் குதிரை தெரியும். அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இப்போது வாங்குகிறவர் தோட்டம் வைத்திருக்கும் ஐ.டி. இளைஞர், ரிசார்ட்காரர், கல்யாணத்துக்குச் சாரட் வண்டி விடுபவர், மகள் கேட்டாள் என்று வாங்கும் அப்பா. இவர்களில் பலர் முதல் குதிரையை வாங்குகிறவர்கள். பல்லைப் பிரித்துப் பார்த்ததில்லை, குளம்பைத் தூக்கிப் பார்த்ததில்லை. வீடியோ இவர்களிடம் எடுபடுவதற்கும் இவர்கள் ஏமாறுவதற்கும் காரணம் ஒன்றேதான்.

தமிழ்நாட்டுக்கென்று பதிவான குதிரை இனம் எதுவும் இல்லை. நமக்குக் குதிரை எப்போதும் வெளியூர்ச் சரக்கு. பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு விவகாரமான விஷயம் எழுதியிருக்கிறார். குதிரை விற்க வந்தவர்கள் குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்களை இங்கே வரவிட மாட்டார்களாம். பராமரிக்கத் தெரியாமல் குதிரைகள் சாக வேண்டும், அடுத்த ஆண்டும் அரசன் வாங்க வேண்டும் என்பது கணக்கு. இன்றைக்குக் குதிரை விற்கும் கணக்குகளைப் புரட்டினால் நூறு பதிவில் ஒன்றாவது "வாங்கிய பிறகு எப்படி வளர்ப்பது" என்று இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. மார்க்கோ போலோ நினைவுக்கு வராமல் என்ன செய்யும்?

முதல் வீடியோவே குதிரைதான்

ஓடும் படத்துக்கும் குதிரைக்கும் உள்ள சொந்தம் பழையது. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு ஒரு சந்தேகம்: ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேகம். எட்வர்டு மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார். 1878 ஜூனில் பாலோ ஆல்டோவிலிருந்த ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓட ஓட அடுத்தடுத்துப் படமெடுத்தார்கள். நான்கு கால்களும் எழும்பத்தான் செய்தன. அதுவும் ஓவியர்கள் காலங்காலமாகத் தீட்டியதுபோல முன்னும் பின்னும் விரிந்த நிலையில் அல்ல, வயிற்றுக்கு அடியில் கால்கள் மடங்கிய நிலையில்.

அந்தக் குதிரைப் பண்ணை நிலத்தில்தான் பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கே படித்த கெவின் சிஸ்ட்ரோமும் மைக் கிரீகரும்தான் 2010இல் இன்ஸ்டாகிராமைத் தொடங்கியவர்கள். ஃபேஸ்புக் தன் இளமைக் காலத்தைக் கழித்ததும் பாலோ ஆல்டோவில்தான். குதிரை ஓட்டத்தின் உண்மையைக் காட்டக் கேமரா வைத்த மண்ணிலிருந்து கிளம்பிய செயலிகளில், இன்று குதிரை ஓட்டத்தின் உண்மையை மறைக்கும் வீடியோக்கள் ஓடுகின்றன.

மறைப்பு என்று ஏன் சொல்கிறேன்? ஓட்டத்துக்கு வருமுன் விலையிலிருந்து தொடங்குவோம். புஷ்கர் சந்தையைப் பாருங்கள். ஆண்டுதோறும் கார்த்திகையில் ராஜஸ்தானின் அந்த ஊரிலிருந்து "கோடி ரூபாய்க் குதிரை" வீடியோ ஒன்று கிளம்பும். 2025இல் ஷாபாஸ் என்ற குதிரை. விலை 15 கோடி என்று சொன்னார்கள். நாடு முழுக்கச் செய்தி. இங்கே கவனிக்க வேண்டிய சொல் "சொன்னார்கள்". அது உரிமையாளர் சொல்லும் விலை. வாங்க ஆள் வந்து பணம் எண்ணிய விலை அல்ல. பெரும்பாலும் இப்படிப்பட்ட குதிரைகள் விற்பனைக்குக்கூட வருவதில்லை. சினைக்கு விடுவதுதான் அவற்றின் வருமானம். 15 கோடி என்ற எண் விலை மாதிரி தெரியும் விளம்பரம். அதை ஒரு செலவுமில்லாமல் தொலைக்காட்சிகளும் யூடியூபர்களும் போட்டிபோட்டு ஒளிபரப்புகிறார்கள். வியாபாரத் தந்திரமாகப் பார்த்தால் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தன் மூன்று வயசுக் குதிரைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும் உள்ளூர்க்காரரும், அதை நம்பும் வாங்குபவரும் இருக்கிறார்களே.

பாட்டை நிறுத்துங்கள், குளம்பைக் கேளுங்கள்

மாணிக்கவாசகர் கதை நமக்குத் தெரியும். குதிரை வாங்கி வரக் கஜானாப் பணத்தோடு பாண்டியன் அனுப்பிய அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வியாபாரியாக மதுரைக்கு ஓட்டி வந்தார். பாண்டியன் பார்த்தான், மயங்கினான், கயிறு மாற்றிக்கொண்டான். இரவில் பரிகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கயிறு கைமாறிய பிறகு நல்லதோ கெட்டதோ வாங்கியவர் பாடு என்பது அன்றைய வியாபார வழக்கு என்று கதையிலேயே வருகிறது. பக்திக் கதைதான், ஆனால் முன்பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எவரும் பாண்டியனின் பதைப்பைப் புரிந்துகொள்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் வடக்கேயிருந்து ஒரு குதிரையை வீடியோவில் பார்த்து வாங்கினார். அருமையான வீடியோ. சூரியன் சாயும் நேரம், புழுதி பறக்க மெதுவாக ஓடி வருகிறது, பின்னணியில் சண்டைப் படப் பாட்டு. லாரியிலிருந்து இறங்கியபோது முன்னங்கால் நொண்டியது. பயணக் களைப்பு என்றார்கள். இரண்டு மாதமாகியும் களைப்பு தீரவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்துப் பழைய கோளாறு என்றார். அதன் பிறகுதான் நண்பர் அந்த வீடியோவை நிதானமாகத் திரும்பப் போட்டுப் பார்த்தார். குதிரை ஓடியது உழுத மண்ணில். மூன்று நொடிக்கு மேல் நீண்ட காட்சி ஒன்றுகூட இல்லை.

நொண்டுகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் குதிரையைக் கெட்டித் தரையில் ட்ராட் ஓட விடுவார்கள். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம் அது. ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஜோடியாக விழும். ஆரோக்கியமான குதிரை என்றால் சத்தம் கடிகாரம்போலச் சீராக வரும். நோவிருந்தால் தாளம் தட்டும். முன்னங்காலில் வலி என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சத்தம் கேட்க வேண்டும், ஓட்டம் இயல்பான வேகத்தில் தெரிய வேண்டும்.

ரீல்ஸ் இந்த இரண்டையும் அழிக்கிறது. பாட்டு குளம்புச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. ஸ்லோமோஷன் தாளத்தைக் குலைத்துவிடுகிறது. புல்லும் மணலும் நோவை மறைக்கின்றன. கேமராவைத் தரையோடு வைத்து அண்ணாந்து எடுத்தால் மட்டக்குதிரைகூட ராஜகுதிரைபோலத் தெரியும். எல்லாரும் ஏமாற்றுவதற்காகவே இப்படி எடுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு இதுதான் அழகு, இதுதான் வியூஸ் தரும் என்ற எண்ணம். விளைவு என்னவோ ஒன்றுதான்.

நேர்மையான விற்பனையாளருக்கு இங்கேதான் வழி திறக்கிறது. பாட்டு இல்லாமல் ஒரு நிமிடம், சிமெண்ட் தரையில், கேமராவை நோக்கியும் விலகியும் ஓடும் ஒரே ஷாட் போடுங்கள். தோள்மேட்டில் டேப்பை வைத்து உயரத்தை இஞ்ச் கணக்கில் காட்டுங்கள். உதட்டைப் பிரித்து முன்பற்களைக் காட்டுங்கள். குதிரைக்கு ஐந்து வயதில் முன்பற்கள் முழுதும் நிலைப்பற்களாகிவிடும். அதன் பிறகு பல்லின் மேற்பரப்புக் குழிகள் தேய்வதை வைத்துக் கணிப்பார்கள். பத்தைத் தாண்டினால் அது உத்தேசம்தான். நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுங்கள். தூக்க விடுகிறதா என்பதே குணத்தைச் சொல்லிவிடும். இப்படிப்பட்ட வீடியோவுக்கு லைக் குறைவாகத்தான் விழும். ஆனால் அதைப் பார்த்துப் போன் செய்கிறவர் வாங்கும் எண்ணத்தோடு செய்வார். ஐம்பதாயிரம் பேர் பார்த்து நானூறு பேர் "சூப்பர் ப்ரோ" போட்டுவிட்டுப் போவதால் ஒரு கட்டு வைக்கோல்கூட வாங்க முடியாது.

உடலில் மயிர் சுழிந்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்க்கும் சுழி விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சண்டைக்கு வந்தாலும் சரி. சுழி குதிரையின் காலையோ குடலையோ பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் வேறொன்றை அழகாகச் சொல்லும். மனிதனுக்குக் கைரேகைபோலக் குதிரைக்குச் சுழி. வெளிநாடுகளில் குதிரையின் அடையாள ஆவணத்தில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று படம் வரைந்து குறித்திருப்பார்கள். வீடியோவில் பார்த்த குதிரைதான் லாரியில் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சுழியை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் பார்த்ததையே வேறு காரணத்துக்காகப் பாருங்கள்.

கேமராவுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. வலி மாத்திரை கொடுத்தால் நொண்டும் குதிரை இரண்டு நாள் நேராக நடக்கும். மயக்க மருந்து சிறிது ஏற்றினால் முரட்டுக் குதிரை பசுவாகிவிடும். கிளாண்டர்ஸ் என்றொரு பாக்டீரியா நோய் இருக்கிறது. குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி இல்லை, நோய் உறுதியான குதிரையைக் கருணைக் கொலைதான் செய்ய வேண்டும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. வெளிமாநிலக் குதிரைக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது. சான்றிதழை முதல் படமாகப் பதிவில் போடும் வியாபாரிக்கு இன்னொரு விளம்பரம் தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் உயிருள்ள விலங்குகளை விற்க மெட்டாவின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால்தான் எங்கும் ஒரு சங்கேத மொழி. இங்கே "தொடர்புக்கு" என்று மட்டும் போடுகிறார்கள். அமெரிக்காவில் விலையை "கீழ் ஐந்திலக்கம்" என்று எழுதுவது குதிரைக்காரர்களின் பழைய பழக்கம். அங்கேயும் துண்டுதான், வேறு நெசவு. ஆண்டுக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்த கணக்கு ஒரே இரவில் முடங்கும் அபாயம் இதில் எப்போதும் உண்டு. வாங்கியவர்களின் எண்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

குதிரை விற்காத குதிரை வியாபாரம்

குதிரைச் சவாரிப் பள்ளி, சாரட் வண்டி, சேணம் தைப்பவர், லாடம் கட்டுபவர், குதிரை மசால் பயிரிட்டு விற்பவர் என்று ஒரு சுற்றம் இருக்கிறது. இவர்களுக்குச் சமூக ஊடகம் இன்னும் பொருத்தமானது. காரணம் எளிது. குதிரையை ஒருமுறை விற்றால் முடிந்தது. இவர்களின் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வர வேண்டியவர்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் லாடம் கட்டுபவர்கள் லட்சக்கணக்கில் ஃபாலோயர்களை வைத்திருக்கிறார்கள். ஒன்றும் செய்வதில்லை. பழைய லாடத்தைக் கழற்றி, அழுக்கைச் சுரண்டி, வளர்ந்த குளம்பைச் சீவி, புது லாடத்தைக் காய்ச்சி அடிக்கிறார்கள். வேலையைக் காட்டுகிறார்கள், அவ்வளவே. குதிரைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்ய வேண்டும் என்பது அந்த வீடியோக்கள் வழியாகவே பலருக்குத் தெரிந்தது. நம் ஊரில் லாடம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். அவர்களிடம் செல்போன் இருக்கிறது. யாராவது ஒரு பேரப்பிள்ளை பிடித்துப் படமெடுத்துப் போட்டால் மாவட்டம் தாண்டி வேலை வரும்.

சவாரிப் பள்ளிகள் செய்யும் தவறு வேறு மாதிரி. அவர்கள் போடுவது வேலி தாண்டும் குதிரை, கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர், ட்ரோன் காட்சி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அம்மா. அவர் பார்ப்பது ஹெல்மெட். ஹெல்மெட் இல்லாமல் குதிரைமேல் சிரிக்கும் குழந்தையின் படம் ஒன்று போதும். அடுத்த பள்ளியைத் தேடப் போய்விடுவார். கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் நடந்து வருகிறாரா, குதிரை காதை முன்னால் வைத்து நிதானமாக நிற்கிறதா, பின்னால் மடித்து எரிச்சலில் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். பருத்த ஆளை மெலிந்த குதிரைமேல் ஏற்றிய படத்தையும் சிலர் பெருமையோடு போடுகிறார்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குதிரை தெரிந்தவர் ஒருவர் கமென்டில் அதை எழுதிவிட்டால் அழித்துப் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும்.

சாரட் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்று பக்கத்தைத் தூங்க விட்டுவிடுகிறீர்கள். ஆவணிக்கும் தைக்கும் வண்டி தேடுவது அந்த மாதங்களில்தானே? குதிரைக்கு ஓய்வு கொடுப்பதையும் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதையும் அப்போது போடுங்கள். பட்டாசு, டி.ஜே. சத்தம் குதிரைக்கு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று நிபந்தனையைப் பதிவிலேயே எழுதுங்கள். இரண்டு வாடிக்கையாளர் போகலாம். கூட்டத்துக்கு நடுவில் குதிரை மிரண்டு, அதை எவரோ படமெடுத்துப் போடுவதைவிட அது மேல்.

கேமரா திரும்பும்போது

அயர்லாந்தின் கார்டன் எலியட் குதிரைப் பந்தய உலகில் பெரிய பயிற்சியாளர். 2018, 2019 இரண்டு ஆண்டும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்ற டைகர் ரோல் அவர் பயிற்றுவித்த குதிரை. 2021 பிப்ரவரி இறுதியில் ஒரு படம் வெளியானது. பயிற்சிக் களத்தில் இறந்து கிடந்த குதிரையின் உடல்மேல் உட்கார்ந்து அவர் போன் பேசுகிறார். எடுத்தது 2019இல். படம் பரவிய சில நாட்களுக்குள் பெட்ஃபேர் என்ற பந்தயச் சூதாட்ட நிறுவனம் அவருடனான தொடர்பை முறித்தது. செவ்லி பார்க் ஸ்டட் என்ற புகழ்பெற்ற பண்ணை, அதுவரை தோற்காத என்வாய் ஆலன் உள்பட தன் குதிரைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. உரிமம் 12 மாதம் ரத்து, அதில் பாதி நிறுத்திவைப்பு. பல ஆண்டு வெற்றிகள் கொண்டுவந்த பெயர் ஒரு படத்தில் சரிந்தது.

பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை ஷார்லட் டுஜார்டன் ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு பயிற்சியில் குதிரையின் கால்களை அவர் நீளச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் பழைய வீடியோ வெளியே வந்தது. போட்டியிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடை வந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று தூதர் பொறுப்பிலிருந்து அவரை நீக்கியது. அதற்கு முன்பு 2021 டோக்கியோவில் மாடர்ன் பென்டத்லான் போட்டியில் செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுக்க, ஜெர்மனி வீராங்கனை அழ, பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியது உலகமெங்கும் ஓடியது. முடிவில் அந்த விளையாட்டிலிருந்து குதிரைச் சவாரியையே எடுத்துவிட்டார்கள். பாரிஸ்தான் அதற்குக் கடைசி.

நம் நாட்டில் 2023 ஜூனில் கேதார்நாத் யாத்திரைப் பாதையில் ஒரு விலங்கின் மூக்கைப் பொத்திப் புகை இழுக்க வைத்த வீடியோ பரவி, உத்தராகண்ட் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஊட்டி, கொடைக்கானல், மெரினா என்று எங்கே குதிரைச் சவாரி நடந்தாலும் அங்கே வருகிற ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. விலா எலும்பு தெரியும் குதிரையை வெயிலில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இன்ஸ்டாகிராம் ஐடி எழுதிய போர்டு வைப்பதில் அர்த்தமில்லை. போர்டைவிட விலா எலும்பு தெளிவாகப் படத்தில் விழும்.

தோற்ற குதிரையின் புகழ்

எல்லாம் எச்சரிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். கதை சொல்லத் தெரிந்தால் குதிரை எப்படிப்பட்ட சம்பாத்தியம் தரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

அமெரிக்காவில் மைரேஸ்ஹார்ஸ் என்ற நிறுவனம் ஒரு பந்தயக் குதிரையின் சிறு பங்குகளை இணையத்தில் 206 டாலருக்கு விற்றது. ஒரு பங்கு என்பது குதிரையில் லட்சத்தில் ஒரு பாகம். அதைக் கொண்டு யாரும் பணக்காரராக முடியாது. 5,314 பேர் வாங்கினார்கள். அந்தக் குதிரை, அத்தெண்டிக், கொரோனாவால் செப்டம்பருக்குத் தள்ளிப்போன 2020 கென்டக்கி டெர்பி பந்தயத்தில், பார்வையாளர்கள் இல்லாத மைதானத்தில் முதலாவதாக வந்தது. வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேர் "என் குதிரை ஜெயித்தது" என்று கத்தினார்கள். அவர்கள் வாங்கியது அந்தக் கத்தலைத்தான்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் கொச்சி என்று ஓர் ஊர். நம் கேரளத்துக் கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நலிந்துகொண்டிருந்த பந்தய மைதானத்தில் ஹாரு உராரா என்ற பெட்டைக் குதிரை ஓடியது. 113 பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. தோற்கத் தோற்கப் புகழ் ஏறியது. அதன்மேல் கட்டிய பந்தயச் சீட்டை வாகனத்தில் தாயத்தாக வைத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் பரிசு விழுவதற்கும் வண்டி மோதுவதற்கும் ஒரே வினைச்சொல். தமிழிலும் அப்படித்தானே? லாட்டரியும் அடிக்கும், லாரியும் அடிக்கும். ஹாரு உராரா சீட்டு ஒருநாளும் அடிக்காது. ஆகவே லாரியும் அடிக்காது! 2004 மார்ச்சில் நாட்டின் மிகச் சிறந்த ஜாக்கி யுடாகா தாகே அதன்மேல் ஏறினார். அப்போதும் தோற்றது.

பிறகு பந்தயக் குதிரைகளைப் பெண் பாத்திரங்களாக்கிய உமா முசுமே என்ற செல்போன் விளையாட்டு வந்தது. 2025இல் அதன் ஆங்கிலப் பதிப்பு வெளியானதும், கிழட்டுக் குதிரையாகப் பண்ணையில் ஓய்ந்திருந்த ஹாரு உராராவைத் தேடி வெளிநாட்டு ரசிகர்கள் கிளம்பினார்கள். புல் வாங்கிக் கொடுக்க ஒரு இணையதளம் இருந்தது. கூட்டம் தாங்காமல் அது முடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில், 29 வயதில், குதிரை இறந்தது. அதன் தோல்வியை எந்த விளம்பரக்காரரும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் புல் வந்திருக்காது.

நம் சவாரிப் பள்ளிகளிலும் லாயங்களிலும் வயதான குதிரைகள் இருக்கின்றன. அவை பதிவில் வருவதே இல்லை. சவாரி ஓய்ந்த குதிரையை என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லச் சங்கடப்படுகிறார்கள். பதில் இருக்கும் லாயக்காரர் அதை நாளையே ஒரு வீடியோவாகப் போடலாம்.

இந்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்களும், போகாமல் செல்போனிலேயே குதிரை பார்க்கிறவர்களும் முன்பணம் அனுப்பும் முன் ஒன்று கேளுங்கள்: கெட்டித் தரையில், பாட்டு இல்லாமல், வெட்டு இல்லாமல் ஒரு நிமிட ஓட்டம். அனுப்ப யோசிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.